போனைச் செருகி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் முழு பேக்கப் ஆகிவிடுமா?

பிப்ரவரி 2, 2025. வாசகர் ஒருவர் எழுதியது

"மாதம் ஒருமுறை போனைக் கேபிளில் மாட்டி, கணினியில் திறந்து, உள்ளே தெரியும் எல்லா ஃபோல்டரையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் இழுத்துப் போட்டுவிடுகிறேன். இதுதான் முழு பேக்கப். கிளவுடும் வேண்டாம், தனி ஆப்பும் வேண்டாம். இதில் விட்டுப்போவது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

பிப்ரவரி 2, 2025

விட்டுப்போவது நிறைய இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டினால் கணினிக்குத் தெரிவது பொதுச் சேமிப்பிடம் மட்டும்தான்: கேமரா படங்கள், டவுன்லோடுகள், பாட்டு, வீடியோ, சில ஆப்கள் வெளியே போட்டு வைக்கும் ஃபோல்டர்கள். ஒவ்வொரு ஆப்பும் தன் சொந்தத் தரவை எழுதிவைக்கும் இடம் தனி. ரூட் செய்யாத, அதாவது முழு நிர்வாக அனுமதியைத் திறக்காத போனில் அந்த இடத்துக்குள் கேபிள் வழியாகப் போக முடியாது. போனின் சொந்தக்காரருக்கே அனுமதி கிடையாது. எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல், தொடர்பு எண்கள், குறிப்பு ஆப்பில் எழுதியவை, ஓடிபி ஆப்பில் (கணக்குகளில் நுழையக் குறியீடு காட்டும் ஆப்) சேர்த்த கணக்குகள், விளையாட்டில் எட்டிய கட்டம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் இழுத்துப் போட்டதில் இவை வந்திருக்காது.

படங்களும் முழுதாக வந்துவிட்டன என்று நம்பிவிட வேண்டாம். கூகுள் போட்டோஸில் இடத்தைக் காலி செய்யும் பொத்தானை எப்போதாவது தட்டியிருந்தால், கிளவுடுக்குப் போன படங்கள் போனிலிருந்து நீங்கியிருக்கும். ஆப்பைத் திறந்தால் படம் தெரியும், அது இணையத்திலிருந்து வருகிறது. கேபிளில் மாட்டிப் பார்த்தால் கோப்பு இருக்காது. ஐபோனில் சேமிப்பிடத்தை மேம்படுத்தும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே நிலைதான்: மூலப் படம் ஐகிளவுடில், போனில் சிறிய வடிவம்.

ஹார்டு டிஸ்க்கில் உள்ள நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கிய போனில் எதையெல்லாம் திரும்பக் கொண்டுவர முடியும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாதவைதான் பேக்கப் இல்லாதவை.

பிப்ரவரி 3, 2025

போன் பென்டிரைவ் போலத் திறக்காமல் நகலெடுக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பென்டிரைவ் போலத்தான் திறந்தன. ஆனால் ஒரு வட்டை ஒரே நேரத்தில் போனும் கணினியும் எழுத முடியாது. அதனால் கணினியில் மாட்டியதும் போனிலிருந்த ஆப்களுக்கு அந்த இடம் கிடைக்காமல் போய்விடும். 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் எம்டிபி என்ற முறைக்கு மாறினார்கள். இதில் கணினிக்கு வட்டே தெரியாது. நூலகத்தில் அலமாரிக்கு நாம் போகாமல் மேசையில் இருப்பவரிடம் ஒவ்வொரு புத்தகமாகக் கேட்டு வாங்குவது போல, கணினி ஒவ்வொரு கோப்பாகப் போனிடம் கேட்கிறது, போன் எடுத்துக் கொடுக்கிறது.

மெதுவாக இருப்பதற்கும் பாதியில் நிற்பதற்கும் இதுதான் காரணம். பெரிய கோப்பு ஒன்று விரைவாக வந்துவிடும்; சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கேள்வி, பதில் என்று நேரம் போகும். ஆப்கள் வெளியே விட்டுவைத்த குட்டிக் கோப்புகள் நிறைந்த ஃபோல்டரை, போனிலேயே ஜிப் செய்து ஒற்றைக் கோப்பாக்கி அப்புறம் இழுத்தால் வேலை சீக்கிரம் முடிகிறது. இப்போது எடுத்த படம் கணினியில் தெரியவில்லை என்ற புகாருக்கும் எம்டிபிதான் பதில்: போன் தன் கோப்புப் பட்டியலைப் புதுப்பித்திருக்காது. கேபிளைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலும் வந்துவிடும், இல்லாவிட்டால் போனை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

தேதியும் ஒரு தொல்லை. இப்படி நகலெடுக்கும்போது கோப்பின் மாற்றத் தேதி பல நேரம் நகலெடுத்த நாளாக மாறிவிடும். கேமரா படத்துக்குள்ளே எடுத்த தேதி எழுதப்பட்டிருப்பதால் அது தப்பிக்கும். பிடிஎஃப்புக்கும் குரல் பதிவுக்கும் அந்த வசதியை நம்ப முடியாது. எனக்குத் தேதி முக்கியமான கோப்புகளுக்கு எம்டிபியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன். கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி கருவியில் இருக்கும் 'புல்' (pull) கட்டளை, தேதியைக் காக்கும் விருப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தால், ஃபோல்டரை அப்படியே இறக்கித் தருகிறது. நடுவில் நிற்பதும் குறைவு.

பிப்ரவரி 3, 2025, இரவு

போன் கணினியில் தெரியவே இல்லை என்பவர் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கவும். சார்ஜ் கம்பிகள் மட்டும் உள்ள கேபிள்கள் உண்டு, அவற்றில் தரவு போகாது. அடுத்து, போனில் வரும் அறிவிப்பைத் தட்டி 'கோப்புப் பரிமாற்றம்' என்று மாற்ற வேண்டும். சார்ஜ் மட்டும் என்பதுதான் இயல்பாக இருக்கும். போன் பூட்டியிருந்தால் ஃபோல்டர் காலியாகத் தெரியும். விண்டோஸில் 'என்' என்று முடியும் பதிப்பாக இருந்தால் மீடியா தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். மேக்கில் எம்டிபி இயல்பாகவே கிடையாது, ஓபன்எம்டிபி போல ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 5, 2025

ஆப்களின் தரவு. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மனம் நோகும் இழப்புகள் இங்கேதான் நடக்கின்றன.

என் அக்கா ஒரு குறிப்பு ஆப்பில் குழந்தை பிறந்த நாள் முதல் எழுதிவந்தாள். முதல் சிரிப்பு, முதல் சொல், தடுப்பூசித் தேதிகள் எல்லாம். புதுப் போனுக்கு மாறும்போது திரையில் 'எல்லாம் மாற்றப்பட்டது' என்று வந்தது. ஆப்பும் வந்தது, அதே நிறத்தில், அதே இடத்தில். திறந்தால் ஒரு குறிப்பும் இல்லை. பழைய போன் இன்னும் அழிக்கப்படாமல் வீட்டில் இருந்ததால் தப்பித்தோம்: அந்த ஆப்பின் அமைப்புகளில் ஆழத்தில் ஒரு ஏற்றுமதிப் பொத்தான் இருந்தது, எல்லாக் குறிப்பையும் ஒரு கோப்பாக எடுத்து, புதிய போனில் இறக்குமதி செய்தோம்.

ஏன் இப்படி என்றால், 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல் ஒவ்வொரு ஆப்பின் தரவையும் கூகுள் கணக்கில் தானாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் ஓர் ஆப்புக்கு 25 எம்பிதான். அதைத் தாண்டினால் போகாது. அதோடு, ஆப்பை எழுதியவர் 'பேக்கப் வேண்டாம்' என்று ஒரு வரி போட்டுவிட்டாலும் போகாது. வங்கி ஆப்களில் பாதுகாப்புக்காக அப்படிப் போடுவது நியாயம். குறிப்பு ஆப்பில் போட்டால் பயன்படுத்துகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. இதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம்: எந்த ஆப்பின் தரவு போகிறது, எது போகவில்லை என்று போன் ஓர் இடத்தில் தெளிவாகக் காட்டினால் எத்தனையோ பேருடைய எழுத்து பிழைக்கும்.

ஏடிபி பேக்கப் என்ற கட்டளையை நம்பியிருப்பவர்கள் கவனிக்கவும். ஆண்ட்ராய்டு 4.0 காலத்தில் அது அருமையாக வேலை செய்தது. ஆண்ட்ராய்டு 12-க்கு ஏற்றபடி எழுதப்பட்ட ஆப்களின் தரவை அது இப்போது எடுப்பதில்லை. கட்டளை ஓடும், கோப்பும் உருவாகும், உள்ளே ஆப்பின் தரவு இருக்காது.

ஆப்பையே, அதாவது ஏபிகே கோப்பை எடுத்து வைக்க நினைப்பவருக்கு: 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் புதிதாக வரும் ஆப்கள் துண்டு துண்டாகத்தான் இறங்குகின்றன. அடிப்படைத் துண்டை மட்டும் நகலெடுத்தால் இன்னொரு போனில் நிறுவ முடியாமல் போகலாம், நிறுவினாலும் திறக்காமல் மூடிக்கொள்ளலாம். திரை அளவு, செயலி வகை, மொழி என்று மற்றத் துண்டுகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும், சேர்த்தே நிறுவ வேண்டும். ஸ்டோரிலிருந்து நீங்கிவிட்ட ஆப் என்றால் மட்டும் இந்த உழைப்புக்கு அர்த்தம் உண்டு. மற்றதை எப்போது வேண்டுமானாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம், தரவுதான் முக்கியம்.

பிப்ரவரி 8, 2025

வாட்ஸப் பற்றி மட்டும் பலர் கேட்டிருப்பதால் தனியாக.

ஆண்ட்ராய்டில் அது தினமும் அதிகாலை 2 மணிக்கு உரையாடல்களை போனிலேயே ஒரு நகல் எடுக்கிறது, கடைசி ஏழு நாள் நகல்கள் வரை வைத்திருக்கிறது. புதிய போன்களில் அந்த ஃபோல்டர் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸப் பெயரில் இருக்கும். இது பொது இடம், கேபிளில் தெரியும். முழு ஃபோல்டரையும் கணினிக்கு எடுத்து வைக்கலாம். ஆனால் உரையாடல் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, கணினியில் திறந்து படிக்க முடியாது. அதே எண்ணில், புதிய போனில், ஆப்பைத் திறப்பதற்கு முன்பே ஃபோல்டரை அதே இடத்தில் வைத்துவிட்டுப் பதிவு செய்தால் மீட்டுக்கொடுக்கும். எண் கையில் இல்லையென்றால் அந்தக் கோப்பால் பயன் இல்லை. சிம்மை மாற்றுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

2021-ல் வந்த முழு மறையாக்கப் பேக்கப்பை இயக்கியிருந்தால் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வேண்டும். அதைத் தொலைத்துவிட்டால் யாராலும் உதவ முடியாது. அந்தச் சாவியைப் போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போன் தொலைந்தால் சாவியும் சேர்ந்து போகும்; காகிதத்தில் எழுதி வையுங்கள்.

கூகுள் கணக்கில் போகும் வாட்ஸப் நகல் முன்பு இடக்கணக்கில் சேராது, இப்போது 15 ஜிபிக்குள் சேர்கிறது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் அதே 15 ஜிபிதான். நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும், ஓர் அறிவிப்பு வரும், அதைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப் ஆனது என்பதை அமைப்புகளில் போய்ப் பாருங்கள். இப்போதே.

என்னைப் பொறுத்தவரை வாட்ஸப்பில் மதிப்பானவை குரல் குறிப்புகள். தாத்தா பேசி அனுப்பியவை எங்கள் குடும்பத்தில் ஒரு சொத்து. அவை 'வாய்ஸ் நோட்ஸ்' ஃபோல்டருக்குள் ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த சிறு ஃபோல்டர்களில் கிடக்கின்றன. பெயரில் தேதி இருக்கும், யார் பேசியது என்பது இருக்காது. தாத்தாவுடையதைக் கேட்டுக் கேட்டு, பெயர் மாற்றி, தனி ஃபோல்டரில் போட்டுவிட்டேன். அது சாதாரண ஒலிக் கோப்பு, எந்த மறையாக்கமும் இல்லை, எந்தக் கணினியிலும் ஓடும்.

பிப்ரவரி 9, 2025

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க: உரையாடலை ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் எழுத்துக் கோப்பைத் திரும்ப வாட்ஸப்புக்குள் ஏற்ற முடியாது. படிப்பதற்கு மட்டும். ஆனால் அதனாலேயே அது நல்லது. பத்து வருடம் கழித்து எந்த ஆப்பும் இல்லாமல் திறக்கும்.

பிப்ரவரி 12, 2025

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு, சில விதங்களில் நல்லது. கணினியில் முழு பேக்கப் எடுக்க முடியும்: விண்டோஸில் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ், மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா முதல் ஃபைண்டர். இதில் ஆப்களின் தரவும் வரும். ஆனால் 'பேக்கப்பை மறையாக்கு' என்ற பெட்டியைத் தட்டாமல் எடுத்தால், சேமித்த பாஸ்வேர்டுகள், வைஃபை அமைப்புகள், உடல்நலத் தரவு ஆகியவை விடுபடும். பாதுகாப்பு கூடும்போது உள்ளடக்கமும் கூடுகிறது என்பதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. தட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் அந்த பேக்கப் அவ்வளவுதான். போனில் எல்லா அமைப்புகளையும் மீட்டமைத்துப் புதிதாக ஒன்று எடுக்கலாம், பழையதைத் திறக்க முடியாது.

இந்த பேக்கப்பிலும் இல்லாதவை: ஐகிளவுட் போட்டோஸை இயக்கியிருந்தால் படங்கள் இதில் வராது. ஆப்களும் வராது, அவை ஸ்டோரிலிருந்து திரும்ப இறங்கும். அப்புறம், புதிய ஐஓஎஸ் பதிப்பில் எடுத்த நகலைப் பழைய பதிப்பு ஓடும் போனில் மீட்க முடியாது. ஆண்ட்ராய்டிலும் இதே விதி உண்டு.

கணினியில் அந்த பேக்கப் ஃபோல்டரைத் திறந்து பயந்துபோனவருக்கு: கோப்புகளின் பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்துக் குவியலாக இருப்பது இயல்பு. எது எங்கிருந்து வந்தது என்ற பட்டியல் தனியாக ஒரு தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. உள்ளே எதையும் நகர்த்தவோ பெயர் மாற்றவோ வேண்டாம். இடம் போதவில்லை என்றால் முழு ஃபோல்டரையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றி, பழைய இடத்தில் புதிய இடத்தைச் சுட்டும் இணைப்பு (சிம்லிங்க்) ஒன்றை வைக்கலாம்.

படங்களை மட்டும் கேபிள் வழியாக விண்டோஸுக்கு இழுக்கும்போது, இணைத்த சாதனம் வேலை செய்யவில்லை என்று பாதியில் நிற்கிறதா? 2017 முதல் ஐபோன் படங்களை ஹெச்ஈஐசி வடிவில் சேமிக்கிறது. அனுப்பும்போதே ஜேபெக்காக மாற்ற முயன்று தடுமாறுகிறது. அமைப்புகளில் போட்டோஸ் பகுதியின் அடியில் 'மூலங்களை அப்படியே வை' என்று மாற்றுங்கள். கணினிக்கு வந்த பிறகு வேண்டிய வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம், மூலத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 16, 2025

"கேபிளே வேண்டாம், சிங்க்திங் போட்டிருக்கிறேன், படம் எடுத்ததும் கணினிக்குப் போய்விடுகிறது" என்று ஒருவர். நானும் சிங்க்திங் பயன்படுத்துகிறேன், அது எனக்கு மிகவும் பிடித்த கருவி. நடுவில் யாருடைய சர்வரிலும் கோப்பு தங்குவதில்லை. போனும் கணினியும் நேராகப் பேசிக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது, அதிலிருந்து கிளைத்த சிங்க்திங்-ஃபோர்க் ஓடுகிறது.

ஆனால் சிங்க் வேறு, பேக்கப் வேறு. போனில் ஒரு படத்தை அழித்தால் அந்த அழிப்பும் கணினிக்குப் போகும். குழந்தை கையில் போன் கிடைத்து ஓர் ஆல்பம் போனால், இரண்டு இடத்திலும் போகும். கூகுள் போட்டோஸிலும் இப்படித்தான்: ஆப்பில் அழித்தால் போனிலும் கிளவுடிலும் சேர்ந்தே போகிறது. பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள். அதற்குள் கவனித்தால் மீட்கலாம்.

எனவே சிங்க்திங்கில் கணினிப் பக்கத்தில் பழைய பதிப்புகளைக் காக்கும் விருப்பத்தை இயக்குங்கள். அப்போது போனில் அழித்த கோப்பு கணினியில் ஒரு தனி ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்திருக்கும். இயல்பாக இது இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும்.

பிப்ரவரி 17, 2025

நேற்று எழுதியதை இன்னொருமுறை யோசித்தேன். பதிப்புகளைக் காப்பது மட்டும் போதாது என்றுதான் இப்போது படுகிறது. கணினியின் டிஸ்க்கே போனால் பதிப்புகளும் போகும். சிங்க் ஆன ஃபோல்டரிலிருந்து வெளி டிஸ்க்குக்குத் தனியாக ஒரு நகல் போக வேண்டும், அந்த டிஸ்க் எப்போதும் மாட்டியே இருக்கக் கூடாது. எந்நேரமும் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் உள்ளதை, கணினியில் புகுந்த கெட்ட நிரல் சேர்த்தே கெடுத்துவிடும். மூன்று நகல், இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறோர் இடத்தில் என்று புகைப்படக்காரர்கள் சொல்லிப் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குத்தான்.

நகல் எடுக்க நான் ரெஸ்டிக் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன்: மாறியதை மட்டும் எடுக்கும், மறையாக்கும், பழைய நாட்களுக்குத் திரும்பிப் போகலாம். கட்டளை வரி பிடிக்காதவர்களுக்கு ஃபிரீஃபைல்சிங்க் போதும். விண்டோஸில் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையின் 'மிர்' விருப்பத்தைப் பயன்படுத்துபவர்கள் மட்டும், மூலத்தில் இல்லாததை அது இலக்கில் அழித்துவிடும் என்பதை நினைவில் வைக்கவும். மூலமும் இலக்கும் இடம் மாறிப் போனால் மீட்க ஒன்றும் இருக்காது.

பிப்ரவரி 23, 2025

தமிழில் பெயர் வைத்த கோப்புகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு இதில் நிறைய அனுபவம், ஏனென்றால் என் கோப்புகள் எல்லாமே தமிழ்ப் பெயர்தான், மாற்றிக்கொள்ளவும் மாட்டேன்.

முதல் சிக்கல் நீளம். விண்டோஸில் பெயருக்கு 255 எழுத்தலகு வரை இடம் உண்டு. ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கிறது, மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. 'புகைப்படங்கள்' என்பது கண்ணுக்கு எட்டு எழுத்து, ஆனால் உள்ளே 13 குறி, 39 பைட். மொத்தம் 85 குறிகளைத் தாண்டினால் போன் அந்தப் பெயரை ஏற்காது. விண்டோஸில் நன்றாகத் திறக்கும் கட்டுரைக் கோப்பு போனுக்குப் போகாமல் காரணம் சொல்லாத பிழையோடு நின்றால், பெயரைச் சுருக்கிப் பாருங்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் வரும் இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய வட்டு வடிவமான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயரை எப்போதும் இரு குறியாகப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைக்கும், பிரித்ததையும் பிரிக்காததையும் வேறு வேறு பெயராகப் பார்க்கும். ஒரு பழைய மேக்கிலிருந்து லினக்ஸ் கணினிக்கு நகலெடுத்துவந்தபோது 'கோடை விடுமுறை' என்று இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, பெயரில் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கருவியில் எழுத்துக் குறிமுறையை மாற்றிக்கொடுக்கும் விருப்பம் ஒன்று இருக்கிறது, மேக்கின் வடிவிலிருந்து சாதாரண வடிவுக்கு என்று சொல்லிவிட்டால் ஒரே ஃபோல்டராக வருகிறது. 'சோறு', 'தோட்டம்', 'பௌர்ணமி' என்று எது வந்தாலும் இந்தப் பிரச்சினை வரும். 'மழை'க்கு வராது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

தொடர்புகளை விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து நோட்பேடில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சமக்குறிகளும் எண்களுமாகத் தெரிவதும் இந்த வகைதான். பல போன்கள் பழைய 2.1 வடிவில் எழுதுகின்றன, பெயர் அதில் குறிமாற்றம் செய்யப்பட்டிருக்கும். கெட்டுப்போகவில்லை. போனில் இறக்குமதி செய்தால் பெயர் சரியாக வரும். நோட்பேடில் 'சரி' செய்து சேமித்தால்தான் கெடும்.

மார்ச் 2, 2025

திரை உடைந்த போனிலிருந்து எடுப்பது எப்படி என்ற கேள்விக்கு.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுவது போலப் போனில் செய்ய முடியாது. இப்போதைய போன்கள் எல்லாம் உள்ளே மறையாக்கம் செய்தவை, ஸ்கிரீன் லாக்கைத் திறக்காமல் எதுவும் வராது. எனவே கேள்வி எப்போதும் 'லாக்கை எப்படித் திறப்பது' என்பதுதான்.

அத்தையின் போன் விழுந்து தொடுதிரை வேலை செய்யாமல் போனது. படம் மட்டும் பாதித் திரையில் தெரிந்தது. ஓடிஜி இணைப்பியில் ஒரு மவுஸை மாட்டினேன், அம்புக்குறி வந்தது. அத்தை அருகில் உட்கார்ந்து, "மேலே, குறுக்கே, கீழே" என்று சொல்லச் சொல்ல, மவுஸால் அந்தக் கோலத்தை வரைந்து திறந்தோம். அதன்பின் மவுஸைக் கழற்றிக் கேபிளை மாட்ட வேண்டும். அதற்குள் போன் மறுபடி பூட்டிக்கொள்ளாதபடி, முதலில் திரை அணையும் நேரத்தை அதிகபட்சமாக்கினேன். கோப்புப் பரிமாற்ற அனுமதிக்கும் திரையைத் தொட வேண்டும் என்பதால், டெவலப்பர் விருப்பங்களில் (அமைப்புகளில் மறைந்திருக்கும் ஒரு பகுதி) யூஎஸ்பியின் இயல்பு நிலையையே கோப்புப் பரிமாற்றம் என்று மவுஸால் மாற்றிவிட்டுக் கேபிளை மாட்டினேன். படங்கள் எல்லாம் வந்தன.

படமே தெரியாவிட்டால், சில போன்கள் யூஎஸ்பி-சி வழியாக மானிட்டருக்குப் படம் அனுப்பும். எல்லாப் போனும் அனுப்பாது. யூஎஸ்பி டீபக்கிங்கை (கணினி போனுக்குக் கட்டளை அனுப்ப விடும் அமைப்பு) முன்பே இயக்கி அந்தக் கணினிக்கு அனுமதியும் கொடுத்திருந்தால், ஸ்கிரீன்காப்பி (scrcpy) என்ற இலவசக் கருவி போன் திரையைக் கணினியில் காட்டும், அங்கேயே தட்டலாம். உடைந்த பிறகு அனுமதி கொடுக்க முடியாது என்பதால் இது முன்யோசனைக்காரர்களுக்கு மட்டும்.

மைக்ரோ எஸ்டி கார்டைக் கழற்றி எடுத்துவிடலாமே என்கிறீர்கள். கார்டு சாதாரண முறையில் இருந்தால் முடியும். உள் சேமிப்பாக வடிவமைத்திருந்தால் அது அந்தப் போனோடு பிணைந்தது, வேறெங்கும் திறக்காது.

மார்ச் 3, 2025

ஓடிபி ஆப். போன் தொலைந்தால் நம் கணக்குகள் எல்லாவற்றுக்கும் வெளியே நின்றுவிடுவோம், அவற்றில் பேக்கப் வைத்திருக்கும் கணக்கும் ஒன்று. கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் கணக்கோடு சிங்க் செய்யலாம். ஆனால் அந்தக் கூகுள் கணக்குக்குள் நுழையவே ஓடிபி வேண்டும் என்றால் சுற்றிச் சுற்றி அதே இடம். ஏஜிஸ் என்ற இன்னொரு ஓடிபி ஆப்பில் மறையாக்கிய கோப்பாக ஏற்றுமதி செய்யலாம், நான் அதைத்தான் செய்கிறேன். எதுவானாலும், முக்கியமான கணக்குகளின் மாற்றுக் குறியீடுகளை (ஓடிபி ஆப் இல்லாதபோது நுழையத் தரப்படுபவை) அச்சிட்டு வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ஆண்ட்ராய்டு 9 முதல் கூகுளில் உள்ள போன் பேக்கப் உங்கள் ஸ்கிரீன் லாக்கால் மறையாக்கப்படுகிறது. மீட்கும்போது பழைய போனின் ஸ்கிரீன் லாக் எண்ணை, அதாவது பின்னைக் (PIN) கேட்கும். வயதானவர்களின் போனை மாற்றிக்கொடுப்பவர்கள் பழைய பின்னைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். 57 நாள் போனைப் பயன்படுத்தாமல் இருந்தால் அந்த பேக்கப் அழிந்துவிடக்கூடும் என்பதையும் கவனிக்கவும். பழைய போனை அலமாரியில் வைத்துவிட்டு, பேக்கப் கிளவுடில் இருக்கிறது என்று இருந்துவிட வேண்டாம்.

மார்ச் 9, 2025

'ஆண்ட்ராய்டு/டேட்டா' ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் போனுக்குள் இருக்கும் ஃபைல் மேனேஜர்களுக்கு அது மூடப்பட்டது. பல போன்களில் கணினியிலிருந்து கேபிள் வழியாகவோ ஏடிபி வழியாகவோ பார்த்தால் இன்னும் திறக்கிறது. முதல் நாள் 'ஆப்பின் சொந்த இடத்துக்குள் போக முடியாது' என்று எழுதியது இதை அல்ல. ஓர் ஆப்புக்கு இரண்டு இடம் உண்டு: இது வெளி இடம், பெரிய கோப்புகளுக்கானது. உள் இடம் வேறு, அது கேபிளிலும் வராது. ஆஃப்லைன் வரைபடம், இறக்கிய பாடங்கள் போன்றவை பெரும்பாலும் வெளி இடத்தில் இருக்கும். ஆப்பை நீக்கினால் இந்த வெளி இடமும் சேர்ந்தே அழியும். எனவே "ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால், முதலில் அந்த ஃபோல்டரைக் கணினிக்கு எடுங்கள்.

மார்ச் 23, 2025

முதல் கேள்வி கேட்டவர், பழைய போன் ஒன்றை ஃபேக்டரி ரீசெட் செய்து தன் ஹார்டு டிஸ்க் நகலை மட்டும் வைத்து மீட்டுப் பார்த்திருக்கிறார். மனதாரப் பாராட்டுகிறேன், இதை யாரும் செய்வதில்லை. படங்கள் வந்தன, எஸ்எம்எஸ் வரவில்லை, தொடர்புகளில் பாதி வரவில்லை, குறிப்புகள் வரவில்லை என்கிறார்.

தொடர்புகளில் பாதி ஏன் என்றால், நகலில் இருந்த விசிஎஃப், கூகுள் கணக்கில் உள்ள எண்களை மட்டும் கொண்டது. போனிலேயே சேமித்த எண்கள், சிம்மில் உள்ளவை தனித் தொகுதி. ஏற்றுமதி செய்யும்போது கணக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு எடுங்கள், அல்லது முதலில் எல்லாவற்றையும் ஒரே கணக்குக்கு நகர்த்திவிடுங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு 'எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர்' ஆப்பில் எக்ஸ்எம்எல் கோப்பாக எடுக்கலாம், அதைப் பொது ஃபோல்டரில் போட்டுவிட்டால் உங்கள் மாதாந்தர இழுப்பில் தானாக வந்துவிடும். குறிப்பு ஆப்புக்கும் இதே வழி: ஏற்றுமதிக் கோப்பு பொது ஃபோல்டரில். ஓடிபி ஏற்றுமதியும் அங்கேயே, ஆனால் மறையாக்கித்தான்.

அதாவது உங்கள் பழக்கத்தை விட வேண்டியதில்லை. இழுப்பதற்கு முன் கால் மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு ஆப்பையும் திறந்து ஏற்றுமதி செய்துவிட்டு, அப்புறம் இழுங்கள். இழுத்து முடித்ததும் போனிலும் டிஸ்க்கிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எம்டிபி பாதியில் விட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும். சில வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அறுந்த வீடியோ முதல் சில நொடி நன்றாகத்தான் ஓடும்.

மார்ச் 24, 2025

குரல் பதிவு ஆப்பில் பதிந்தவை எங்கே என்று அதே வாசகர் கேட்டிருக்கிறார். ஆப்புக்கு ஆப்பு மாறும். பொதுச் சேமிப்பிடத்தில் 'ரெக்கார்டிங்ஸ்' என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள், ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்கென்றே ஒதுக்கிய இடம் அது. இல்லையென்றால் பதிவைத் தொட்டு, 'பகிர்' வழியாக டவுன்லோடு ஃபோல்டருக்கு அனுப்பிவிட்டு இழுங்கள். பழைய போனை அதுவரை அழிக்க வேண்டாம்.